புகையோட போற சக்தி: டர்போவின் 120 வருஷக் கதை

இந்த எபிசோடு ஒரு வாய்ஸ் நோட்டுல இருந்து தொடங்குது. நம்ம ஷோவைத் தொடர்ந்து கேக்குற ஒரு தம்பி அனுப்பினது. "அக்கா, என்கிட்ட 1.2 லிட்டர் பெட்ரோல் ஹேட்ச்பேக் இருக்கு. கார் லோன் முடிஞ்சு நாலு மாசம்தான் ஆகுது. தெரிஞ்ச கேரேஜ்ல டர்போ போட்டு, எக்ஸாஸ்டை முழுசா புதுசா செஞ்சு தர்றேன்னு சொல்றாங்க. இன்னொரு பர்சனல் லோன் போட்டா முடியும். போடலாமா?"

நான் உடனே பதில் அனுப்பலை. ஏன்னா இதே கேள்வியை இந்தத் தம்பிக்கு முன்னாடி ராணுவங்கள் கேட்டிருக்கு, உலகத்தோட பெரிய கார் கம்பெனிகள் கேட்டிருக்கு. "இருக்குற இன்ஜின்ல டர்போ போட்டா என்ன ஆகும்?" அவங்களுக்கு என்ன ஆச்சுன்னு பார்த்துட்டு, கடைசில தம்பிக்குப் பதில் சொல்றேன்.

முதல்ல விஷயத்தைப் புரிஞ்சுக்கலாம். நீங்க நூறு ரூபாய்க்குப் பெட்ரோல் போட்டா, தோராயமா முப்பது ரூபாய்தான் வண்டியை ஓட்டுது. இன்னொரு முப்பது ரூபாய் ரேடியேட்டர் வழியா சூடா போயிடுது. மீதியில பெரும்பகுதி சைலன்சர் வழியா புகையோட போகுது. அந்தப் புகை சும்மா போகலை. சூடா, வேகமா, அழுத்தத்தோட போகுது. போற வழியில ஒரு சின்னக் காத்தாடியை வெச்சா அது சுத்தும். அதே தண்டோட மறு முனையில இன்னொரு சக்கரத்தை மாட்டினா, அது வெளிக்காத்தை இழுத்து, அமுக்கி, இன்ஜினுக்குள்ள தள்ளும். காத்து அதிகம் போனா பெட்ரோலும் அதிகமா எரிக்கலாம், சக்தியும் கூடும். டர்போன்னா அடிப்படையில இவ்வளவுதான். ஆனா அந்தச் சின்னத் தண்டு நிமிஷத்துக்கு ஒரு லட்சம் சுத்துக்கு மேல சுத்தும். ஒரு பக்கம் 900 டிகிரி புகை. கைக்கெட்டும் தூரத்துல, மறு பக்கம் வெளிக்காத்து. கதையில வர்ற அத்தனை சிக்கலும் இங்கிருந்துதான் கிளம்புது.

ஒரு சுவிஸ் இளைஞரோட இருபது வருஷம்

1905-ல ஆல்ஃப்ரெட் ப்யூகி என்ற சுவிஸ் பொறியாளர் இந்த யோசனைக்குக் காப்புரிமை வாங்கினார். அப்போ அவருக்கு வயசு 26. இன்ஜின், டர்பைன், கம்ப்ரஸர் மூணும் ஒண்ணா வேலை செய்யணும்ங்கிறது அவரோட கணக்கு. காகிதத்துல கணக்கு சரியா வந்தது. ஆனா அந்தச் சூட்டைத் தாங்குற உலோகம் அப்போ இல்லை, அந்த வேகத்தைத் தாங்குற பேரிங்கும் இல்லை. 1915 வாக்குல ஒரு மாதிரியைச் செஞ்சு பார்த்தார். அது நம்பி ஓட்டுற மாதிரி வரலை.

வேற ஒருத்தரா இருந்தா விட்டிருப்பார். ப்யூகி விடலை. அவருக்கு வெற்றி வந்தது 1925-ல, டீசல் இன்ஜின்ல. டீசல் புகை பெட்ரோல் புகை அளவுக்குச் சூடா இருக்காது, அதனால உலோகம் தாக்குப்பிடிச்சது. சக்தி சுமார் 40 சதவீதம் கூடிச்சு. அடுத்த ஓரிரு வருஷத்துல ஜெர்மனியோட ரெண்டு பயணிகள் கப்பல்கள்ல டர்போ டீசல் ஓட ஆரம்பிச்சது. ஆக, ப்யூகியோட டர்போ முதல்ல நல்லா ஓடினது ரேஸ் கார்ல இல்லைங்க, கப்பல்ல!

அதே 1925-ல ப்யூகி இன்னொரு காப்புரிமையும் வாங்கினார். எனக்கு முதல் யோசனையை விட இதுதான் பெரிய விஷயமா படுது. எல்லா சிலிண்டர் புகையையும் ஒரே குழாய்ல கொட்டக் கூடாது, ஒண்ணோட துடிப்பு இன்னொண்ணோட மோதாத மாதிரி குழாய்களைப் பிரிச்சுக் கொண்டு போகணும்னு சொன்னார். புகை ஆத்துத் தண்ணி மாதிரி ஒரே சீரா போறதில்லை. ஒவ்வொரு தடவை வால்வு திறக்கும்போதும் ஒரு அடியா அடிச்சுட்டுப் போகுது. அந்த அடியை வீணாக்காம காத்தாடி வரைக்கும் கொண்டு போறதுதான் திறமை. இதை மனசுல வெச்சுக்கோங்க, கடைசில திரும்ப வருவோம்.

மலை உச்சியில் ஒரு லாரி

அதே காலத்துல அமெரிக்காவுல வேற ஒரு தலைவலி. விமானம் மேல போகப் போக காத்து மெலிஞ்சுடும், இன்ஜினுக்கு மூச்சு வாங்கும். ஜெனரல் எலெக்ட்ரிக்ல வேலை பார்த்த சான்ஃபோர்ட் மாஸ் என்ற பொறியாளர்கிட்ட இந்த வேலை வந்தது. சோதனைக்கு உயரம் வேணும். அப்போ விமானத்துல வெச்சு அளக்குறது கஷ்டம். அதனால 1918-ல, லிபர்டி வி-12 விமான இன்ஜினை ஒரு லாரியில ஏத்தி, கொலராடோல இருக்குற பைக்ஸ் பீக் மலை உச்சிக்கே கொண்டு போனாங்க. 14,000 அடிக்கு மேல.

தரை மட்டத்துல அந்த இன்ஜின் சுமார் 350 குதிரைத்திறன் கொடுக்கும். மலை உச்சியில அது 230-க்கு விழுந்தது. டர்போவை இணைச்சதும் 356. தொலைஞ்சு போன சக்தி முழுசா திரும்ப வந்துடுச்சு, கொசுறோட!

ரெண்டு வருஷம் கழிச்சு, 1920 பிப்ரவரியில, மேஜர் ருடால்ஃப் ஷ்ரோடர் இந்த டர்போ மாட்டின விமானத்துல 33,000 அடிக்கு மேல போய் உலக சாதனை பண்ணினார். மேல திறந்த காக்பிட், மைனஸ் 50 டிகிரிக்கும் கீழே குளிர். ஆக்ஸிஜன் சிக்கலாச்சு. கண்ணாடியைத் தூக்கினதும் கண்ணு உறைஞ்சு போச்சு. மயங்கிட்டார். விமானம் மைல் கணக்குல கீழே பாய்ஞ்சது. கடைசி நேரத்துல நினைவு வந்து, பாதிக் கண்ணோட இறக்கினார். இன்ஜின் அந்த உயரத்துக்குத் தயாரா இருந்தது, ஆனா மனுஷ உடம்புக்கு வேண்டிய ஏற்பாடு தயாரா இல்லை. ஒரு இடத்துல சக்தியைக் கூட்டினா, வேற ஏதோ இடத்துல பில் வரும். கதை முழுக்க இதுதான் திரும்பத் திரும்ப நடக்குது.

ரெண்டாம் உலகப் போர்ல பி-17 குண்டுவீச்சு விமானமும், பி-38, பி-47 போர் விமானங்களும் டர்போவோட பறந்தது. பி-47-ல டர்போ விமானிக்குப் பின்னாடி, வால் பக்கமா இருக்கும். இன்ஜின் மூக்குல. அதனால புகை முழு நீளத்துக்குப் பின்னாடி போய், அமுக்கின காத்து திரும்ப முன்னாடி வரணும். அந்த விமானம் அவ்வளவு குண்டா இருந்ததுக்கு இந்தக் குழாய் வேலையும் ஒரு முக்கியக் காரணம்.

ரப்பர் தூசும் ராக்கெட் தண்ணியும்

போர் முடிஞ்சது, டர்போ தரைக்கு வந்தது. 1952 இண்டியானாபோலிஸ் 500 ரேஸ். கம்மின்ஸ் கம்பெனி ஒரு டர்போ டீசல் காரோட வந்தாங்க. ஃப்ரெட் அகபாஷியன் ஓட்டினார். லாரி இன்ஜின் கம்பெனி இங்கே என்ன பண்ணுதுன்னு பார்த்துட்டு இருந்தவங்க முன்னாடி, அந்தக் கார் மணிக்கு 138 மைல் வேகத்துல தகுதிச் சுற்று சாதனை பண்ணி முதல் இடத்துல நின்னது. ரேஸ்ல 71-வது சுற்றோட வெளியே வந்துடுச்சு. காரணம்? காத்து இழுக்குற வாய் தாழ்வா இருந்தது. டிராக்ல கிடந்த டயர் ரப்பர் துணுக்கை எல்லாம் அது உறிஞ்சு, அடைச்சுக்கிச்சு. உலகத்தையே மிரட்டின இன்ஜினைத் தூசு நிறுத்திடுச்சு.

அடுத்து 1962. கடையில போய் யார் வேணா வாங்கலாம்னு ஒரே வருஷத்துல ரெண்டு டர்போ கார்கள் வந்தது: ஷெவர்லே கோர்வேர் மோன்ஸா ஸ்பைடர், ஓல்ட்ஸ்மொபில் ஜெட்ஃபயர். நம்ம தம்பி கேக்க வேண்டியது ஜெட்ஃபயர் கதையைத்தான்.

ஜெட்ஃபயர்ல 3.5 லிட்டர் அலுமினிய வி8. 215 குதிரைத்திறன். கம்ப்ரஷன் 10.25-க்கு 1. டர்போ இன்ஜினுக்கு அது ரொம்ப அதிகம். ஏற்கெனவே நல்லா அமுக்குற இன்ஜினுக்குள்ள அமுக்கின காத்தைத் தள்ளினா, பெட்ரோல் தன் நேரத்துக்கு முன்னாடியே வெடிக்கும். நம்ம மெக்கானிக்குங்க 'நாக்கிங்'னு சொல்றது அதுதான். பிஸ்டனை ஓட்டை போடுற அளவுக்கு அது மோசமானது. அதைத் தடுக்க ஓல்ட்ஸ்மொபில் ஒரு தனித் தொட்டி வெச்சாங்க. அதுல பாதி காய்ச்சி வடிச்ச தண்ணி, பாதி மெத்தனால். பேரு 'டர்போ ராக்கெட் ஃப்ளூயிட்'. பூஸ்ட் ஏறும்போது இது உள்ளே தெளிச்சு, சூட்டைத் தணிக்கும்.

பொறியியலா பார்த்தா அருமையான யோசனை. ஆனா வண்டி வாங்கினவங்க யாரு? ஆபீஸ் போறவங்க, கடைக்குப் போறவங்க. அவங்க அந்தத் தொட்டியை நிரப்ப மறந்தாங்க. தொட்டி காலியானா பூஸ்ட்டைக் குறைக்கிற பாதுகாப்பு ஏற்பாடு இருந்தது, அதனால இன்ஜின் தப்பிக்கும். ஆனா வண்டி மந்தமாயிடும். 'இதுக்கா இவ்வளவு காசு?'ன்னு ஆச்சு. ரெண்டு வருஷத்துல பத்தாயிரத்துக்கும் கொஞ்சம் குறைவான கார்கள்தான் செஞ்சாங்க. 1965-ல கம்பெனியே, டர்போவைக் கழட்டிட்டு சாதாரண கார்ப்புரேட்டர் மாட்டித் தர்றோம்னு சொன்னாங்க. நிறைய பேர் கழட்டிட்டாங்க. இன்னிக்கு டர்போவோட ஒரு ஜெட்ஃபயரைப் பார்க்குறதே அபூர்வம்.

ஐரோப்பாவில் ரெண்டு பாதை

1973-ல பி.எம்.டபிள்யூ 2002 டர்போ வந்தது. 170 குதிரைத்திறன். முன் ஸ்பாய்லர்ல 'டர்போ'ன்னு திருப்பி எழுதியிருந்தாங்க, முன்னாடி போற வண்டிக்காரர் கண்ணாடியில பார்த்து ஒதுங்கணும்னு. நம்ம ஊர் ஆம்புலன்ஸ்ல எழுதுற மாதிரி. ஜெர்மனியில அதுக்குப் பெரிய எதிர்ப்பு. அதோட எண்ணெய் நெருக்கடியும் சேர்ந்துடுச்சு. 1,672 கார்களோட நிறுத்திட்டாங்க. 1974-ல போர்ஷே 911 டர்போவைக் காட்டினாங்க. 260 குதிரைத்திறன். மிதிச்சா முதல்ல ஒண்ணும் நடக்காது. டர்போ சுத்தி எழுந்ததும் எல்லாம் ஒரேடியா வரும். வளைவுல அது வந்தா வண்டியோட பின்பக்கம் உங்களை முந்தப் பார்க்கும். 'விதவையாக்கி'ன்னு பட்டப்பேர் வந்தது சும்மா இல்லை.

ஸ்வீடன்ல சாப் கம்பெனி வேற மாதிரி யோசிச்சாங்க. பெர் கில்பிராண்ட் என்ற பொறியாளரோட குழு, உச்ச சக்தியைத் துரத்தாம, தினமும் ஓட்டுற வேகத்துல இழுவை வேணும்னு முடிவு பண்ணாங்க. அதுக்கு சின்ன டர்போ, சீக்கிரம் சுத்தும். அது எல்லை மீறாம இருக்க வேஸ்ட்கேட், அதாவது அழுத்தம் போதும்னா புகையைக் காத்தாடிக்குப் போகாம வேற வழியில திருப்பி விடுற கதவு. 2 லிட்டர், 145 குதிரைத்திறன். இந்த சாப் 99 டர்போ 1977-ல அறிமுகமாச்சு. அடுத்து 1980-களின் தொடக்கத்துல, நாக்கிங்கைக் காதால கேக்குற மாதிரி சென்சார்ல கேட்டு, பூஸ்ட்டைத் தானா குறைக்கிற எலெக்ட்ரானிக்ஸும் கொண்டு வந்தாங்க. இன்னிக்கு நம்ம ரோட்ல ஓடுற 1 லிட்டர் டர்போ பெட்ரோல் கார்கள் எல்லாம் போர்ஷே வழி வந்ததில்லை, இந்த சாப் வழி வந்தது.

அந்த பி.எம்.டபிள்யூ 2002 டர்போவுல இருந்தது கே.கே.கே. என்ற ஜெர்மன் கம்பெனியோட டர்போதான். அதே கம்பெனியோட கூட்டுல 1980-கள்ல சென்னையில டர்போ எனர்ஜி என்ற நிறுவனம் வந்து, நம்ம டீசல் வண்டிகளுக்கு டர்போ செய்ய ஆரம்பிச்சாங்க. நீங்க ஏறின ஏதோ ஒரு பஸ்ல அது இருந்திருக்கலாம்.

மஞ்சள் டீக் கெட்டில்

1977, சில்வர்ஸ்டோன். ஃபார்முலா ஒன் விதியில 3 லிட்டர் சாதாரண இன்ஜின், இல்லைன்னா 1.5 லிட்டர் டர்போன்னு இருந்தது. அது வரைக்கும் ரெண்டாவதை யாரும் தொடலை. ரெனோ தொட்டாங்க. ஜான் பியர் ஜபூயி ஓட்டின மஞ்சள் கார் டர்போ கோளாறால பாதியிலேயே நின்னது. அது புகை விட்டு நின்ன அழகுக்கு 'மஞ்சள் டீக் கெட்டில்'னு பேர் வெச்சுச் சிரிச்சாங்க.

ரெனோ திரும்பிப் போகலை. ஒரு பெரிய டர்போவுக்குப் பதிலா ரெண்டு சின்ன டர்போ போட்டாங்க, தாமதம் குறைஞ்சது. 1979 ஜூலையில டிஜோன்ல அதே ஜபூயி ஜெயிச்சார். ஃபார்முலா ஒன்ல டர்போவோட முதல் வெற்றி. சிரிச்சவங்க எல்லாரும் டர்போ தேடி ஓடினாங்க. 1983-ல நெல்சன் பிக்கே பி.எம்.டபிள்யூ டர்போவோட உலக சாம்பியன் ஆனார். அந்த 1.5 லிட்டர் இன்ஜினோட அடிப்படை, சாதாரண ரோட் காரோட இரும்பு பிளாக்! 1986 தகுதிச் சுற்றுகள்ல அது எவ்வளவு கொடுத்ததுன்னு துல்லியமா சொல்ல முடியலை. அளக்குற மெஷினோட எல்லையைத் தாண்டிடுச்சு. 1,300-க்கு மேலன்னு சொல்லுவாங்க. ஆனா அந்த இன்ஜின்களுக்கு ஆயுசு சில சுற்றுகள்தான். அப்புறம் விதி இறுகிச்சு: 1987-ல அழுத்தம் 4 பார், 1988-ல 2.5 பார், 150 லிட்டர் எரிபொருள். 1989-ல முழுத் தடை. இந்தத் தொழில்நுட்பம் ஃபார்முலா ஒன்னுக்குத் திரும்பி வந்தது 2014-ல.

கேரேஜுக்கு வந்த ப்யூகி

பெரிய கம்பெனிகளோட கதை இது. நம்ம தம்பியோட கேரேஜ் கதை ஜப்பான்ல இருந்து வருது. ஹிரோயுகி ஹசெகாவா என்ற முன்னாள் யமஹா பொறியாளர் 1973-ல ஹெச்.கே.எஸ். கம்பெனியைத் தொடங்கினார். கார் கம்பெனி போடாத டர்போவைத் தனியா கிட்டா செஞ்சு வித்தாங்க. 1989-ல நிஸ்ஸான் ஸ்கைலைன் ஜி.டி.ஆர் ரெட்டை டர்போவோட வந்தப்போ காகிதத்துல 280 குதிரைத்திறன். ஜப்பான் கம்பெனிகள் தங்களுக்குள்ள வெச்சுக்கிட்ட உச்சவரம்பு அது. ஆனா அந்த இரும்பு பிளாக் அதைப் போல ரெண்டு மடங்கைத் தாங்கும்னு ட்யூனர்கள் சீக்கிரமே கண்டுபிடிச்சாங்க. முக்கியமான விஷயம் இதுதான்: அங்கே டர்போவை மாத்துறதுக்கு முன்னாடியே இன்ஜின் அதுக்குத் தயாரா இருந்தது.

இப்போ எக்ஸாஸ்டுக்கு வருவோம். நாலு சிலிண்டர் இன்ஜின் பொதுவா 1-3-4-2 வரிசையில எரியும். முதல் சிலிண்டர் தன் புகையைத் தள்ளி முடிக்கிற நேரத்துல மூணாவது தன் புகையை வேகமா வெளியே அடிக்கும். ரெண்டும் ஒரே குழாய்ல இருந்தா, மூணாவதோட அடி முதல் சிலிண்டருக்குள்ளயே பழைய புகையைத் திரும்பத் தள்ளிடும். அதனால 1-ஐயும் 4-ஐயும் ஒரு ஜோடியா, 2-ஐயும் 3-ஐயும் இன்னொரு ஜோடியா காத்தாடிக்குக் கொண்டு போவாங்க. இன்னிக்கு 'ட்வின் ஸ்க்ரோல்'னு பளபளன்னு விளம்பரம் பண்றாங்களே, அது 1925-ல ப்யூகி எழுதி வெச்சதுதான்.

இதைக் கையால செய்யுறவங்களோட வேலை லேசானது இல்லை. அரை மீட்டர் ஸ்டெயின்லெஸ் குழாய் 700 டிகிரி சூடேறினா கிட்டத்தட்ட 6 மில்லிமீட்டர் நீளும். நீள இடம் விடாம பத்த வெச்சா, கொஞ்ச நாள்ல விரிசல். வெல்டிங் பண்ணும்போது குழாய்க்கு உள்ளேயும் ஆர்கான் வாயு விடணும். விடலைன்னா உள்பக்கம் சர்க்கரைப் பாகு முறிஞ்ச மாதிரி கரடுமுரடா கருகும். அந்தத் துணுக்கு ஒருநாள் பிய்ஞ்சு, லட்சம் சுத்து சுத்துற காத்தாடி மேல விழும். 1952 ரப்பர் தூசு ஞாபகம் இருக்கா? டர்போவுக்கு முன்னாடி குழாய் அளவா இருக்கணும், சூடும் வேகமும் குறையக் கூடாது. டர்போவுக்குப் பின்னாடி வழி எவ்வளவு தாராளமா இருக்கோ அவ்வளவு நல்லது.

இதைத் தெரியாம நானும் ஒரு தப்பு பண்ணியிருக்கேன். காலேஜ் முடிச்ச புதுசுல, டர்போ இல்லாத என் சின்ன காருக்குப் பெரிய குழாய் போட்டு 'ஃப்ரீ ஃப்ளோ' பண்ணினேன். புகையோட வேகம் குறைஞ்சு, கீழ் ஆர்.பி.எம்-ல இருந்த இழுவையும் போச்சு. சத்தம் மட்டும் சிங்கம் மாதிரி. ரெண்டு மாசத்துல பழைய சைலன்சரையே மாட்டினேன். எதிர் வீட்டுல கைக்குழந்தை இருந்தது. அந்த அம்மா என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலை. கேட்டிருந்தா கூடத் தேவலாம்.

சரி தம்பி, பதில்

உன் கார் இன்ஜின் டர்போவுக்குன்னு செஞ்சது இல்லை. கம்ப்ரஷன் அதிகம், ஜெட்ஃபயர் மாதிரியே. ஒரு பார் அமுக்கினா காத்து 120 டிகிரி வரைக்கும் சூடாகும், அதனால இன்டர்கூலர் வேணும். பெட்ரோல் பம்ப், இன்ஜெக்டர், இ.சி.யூ ட்யூனிங், கிளட்ச், அதுக்கு அப்புறம் பிரேக். கேரேஜ்ல சொன்ன தொகை டர்போவுக்கும் குழாய்க்கும்தான். மீதி பில் அப்புறம் வரும்.

சட்டத்தையும் சொல்லிடுறேன். மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52-ன்படி, ஆர்.சி.யில இருக்குற விவரம் கம்பெனி முதல்ல கொடுத்த விவரத்துல இருந்து மாறுற மாதிரி வண்டியை மாத்தக் கூடாது. 2019-ல உச்ச நீதிமன்றமும் அதை உறுதி பண்ணிச்சு. சொல்லாம மாத்தினா, விபத்து நடந்த அன்னிக்கு இன்சூரன்ஸ் கம்பெனி அதைத்தான் முதல்ல எடுக்கும். எதிர்ல வந்தவருக்கும் அடிபட்டிருந்தா, அது உன் ஒருத்தனோட நஷ்டம் இல்லை.

அதனால என் பதில்: கடன் வாங்கி, தினமும் ஆபீஸ் போற வண்டியில போடாதே. ஆசையை விடச் சொல்லலை. கம்பெனியே டர்போ போட்டு வித்த பழைய கார் கிடைக்குது, அதை வாங்கு. இருங்காட்டுக்கோட்டையிலயும் கோயம்புத்தூர் கரி ஸ்பீட்வேயிலயும் டிராக் இருக்கு, அங்கே ஓட்டிப் பழகு. அந்த கேரேஜ்ல ஒரு வாரம் சும்மா போய் நின்னு, மேனிஃபோல்டை எப்படிப் பத்த வெக்குறாங்கன்னு பாரு. உள்ளே ஆர்கான் விடுறாங்களான்னு கேளு. அந்தக் கேள்விக்கு அவங்க சொல்ற பதில்லயே பாதி தெரிஞ்சுடும்.

ப்யூகிக்கு யோசனைல இருந்து ஓடுற இன்ஜின் வரைக்கும் இருபது வருஷம் ஆச்சு. நீ ரெண்டு வருஷம் காசு சேர்க்கலாம், தப்பில்லை. சேர்த்துட்டு மறுபடி வாய்ஸ் நோட் அனுப்பு, அப்போ பேசலாம்.

அடுத்த எபிசோடுல பார்ப்போம் மக்களே. பத்திரமா ஓட்டுங்க.